ஷவர் டெஸ்ட்காரர்கள் கட்டிய படகு

எங்கள் பிரிவின் வாட்ஸாப் குழுவில் போன மாதம் ஒரு தம்பி படம் ஒன்று போட்டிருந்தான். ஷவர் டெஸ்ட் அறைக்குள் ஒரு லாரி கேபின் நிற்கிறது. மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. உள்ளே ஆள் இல்லை. ஆள் உட்காரும் இடத்தில் ஒரு கேமராவும் ஈரத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும் வைத்திருக்கிறார்கள். "இனிமே யாரும் உள்ள உக்கார வேணாம்ணா. உங்க காலத்துல எப்படிச் சமாளிச்சீங்கன்னு கொஞ்சம் எழுதுங்க" என்று கீழே கேட்டிருந்தான்.

உடனே என் வயதுக்காரர்கள் ஆளாளுக்கு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். மனிதக் கண்ணுக்கு ஈடாகுமா, அந்தக் காலம் திரும்ப வருமா என்று ஒரே புலம்பல். எனக்கு எரிச்சலாக வந்தது. புலம்பியவர்களில் பாதிப் பேர் ஒரு நாள்கூட அந்தக் கேபினுக்குள் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்த என் முட்டியைக் கேட்டால் அந்தக் கேமராவுக்கு மாலை வாங்கிப் போடச் சொல்லும். அது வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தம்பிக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் வேலையைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. ரிட்டயர் ஆனபிறகு என் வீட்டு போர்ட்டிகோவில் நானும் சீனப்பா சாரும் கட்டிய மரப்படகு குறுக்கே வந்து நின்றுகொண்டது. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் கல்லாவிப் பக்கத்துக்காரன். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். ஐ.டி.ஐ. முடித்து, ஓசூரில் லாரி கேபின் செய்யும் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, நிரந்தரமானது வரைக்கும் என் கதையும் ஊரில் எல்லார் கதையும் ஒன்றுதான். கொஞ்ச நாள் வெல்டிங், கொஞ்ச நாள் பெயிண்ட் ஷாப் என்று தள்ளிவிட்டு, கடைசியில் யாரும் போக விரும்பாத ஷவர் டெஸ்ட்டில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். போட்ட இடத்திலேயே ரிட்டயரும் ஆனேன்.

வேலை இதுதான். கேபின் முழுதாகத் தயாரானதும் அதை ஒரு மூடிய அறைக்குள் தள்ளுவார்கள். நாலு பக்கமும் மேலேயும் குழாய்களிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். ஐப்பசி மழையெல்லாம் அதற்கு முன்னால் தூறல். உள்ளே ஒருவன் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பான். அவன் காலடியில் பழைய செய்தித்தாள் விரித்திருக்கும். ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடி ரப்பர் ஓரங்களில் சாக்பீஸ் தூள் தடவியிருப்போம். தண்ணீர் நுழைந்தால் அந்தத் தூளில் கோடு விழும், கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போய் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தகரத்தில் தண்ணீர் விழும் சத்தத்தில் கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு கை பாஷை இருந்தது. உள்ளே இருப்பவன் முஷ்டியை மடக்கிக் காட்டினால் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தால் காய்ந்திருக்கிறது. வெளியே ரெயின்கோட்டோடு நிற்பவன் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து, அந்தக் கையைச் சுற்றிக் கண்ணாடியின் மேல் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவான். வட்டம் போட்டு முடிக்கும்வரை உள்ளே இருப்பவன் கையை எடுக்கக் கூடாது. இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. சீனப்பா சார் கொண்டுவந்த பழக்கம் இது.

சீனப்பா சார்தான் எங்கள் சூப்பர்வைசர். அஞ்செட்டி தாண்டி, காவேரி ஓரத்து ஊர் அவருக்கு. வீட்டில் கன்னடம் பேசுவார்கள், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மூன்றையும் கலந்து ஒரே வாக்கியத்தில் பேசிவிட்டு நமக்குப் புரிந்ததா என்று பார்ப்பார். அவர் அப்பா பரிசல் ஓட்டியவர். சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு நடந்துவிட்டால் தப்பு செய்தவனைப் பார்க்கமாட்டார். தப்பு நடந்த இடத்தில் போய்க் கையை வைத்துப் பார்ப்பார். அது சில சமயம் திட்டு வாங்குவதைவிட மோசமாக இருக்கும்.

முதல்முறை நான் உள்ளே உட்கார்ந்தபோது தண்ணீர் திறந்த உடனே எனக்கு மூச்சு முட்டியது. கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடலாம் என்று கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். அப்போது வெளியே இருந்து ஓர் உள்ளங்கை கண்ணாடியில் வந்து ஒட்டியது. சார் நனைந்துகொண்டு நிற்கிறார். ரெயின்கோட்டுகூடப் போடவில்லை. தண்ணீர் நிற்கும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அதன் பிறகு எனக்கு அந்த அறை பழகிவிட்டது.

எங்கள் தொழிலில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "தண்ணி வர்ற எடம் வேற, சொட்டற எடம் வேற." புதிதாக வந்தவன் சொட்டும் இடத்தில் பசையைப் பூசிவிட்டு முடிந்தது என்பான். தண்ணீர் இன்னொரு வழியில் வந்து சிரிக்கும்.

அது எவ்வளவு உண்மை என்பது ஒரு மழைக்காலத்தில் தெரிந்தது. கேபின் மாற்றிக் கேபின், டிரைவர் வலது கால் வைக்கும் இடத்தில் தாள் நனைந்துகொண்டே இருந்தது. எல்லாக் கேபினிலும் இல்லை. சிலதில் வரும், சிலதில் வராது. கண்ணாடி ரப்பரை மாற்றினோம். பெடல் ஓட்டையை அடைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே யார்டில் கேபின்கள் வரிசையாகத் தேங்கி நின்றன. மேனேஜர் தினமும் வந்து எங்களைத்தான் காய்ச்சினார், ஏதோ தண்ணீரை நாங்கள்தான் உள்ளே ஊற்றுகிற மாதிரி. எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். நான் பதிலுக்குப் பேசிவிடாமல் இருக்க, சார் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார்.

கடைசியில் சாரே உள்ளே போய் உட்கார்ந்தார். முன்கண்ணாடி ஓரமாகக் கூரையைத் தாங்கும் தூணை மூடியிருக்கும் உள் அட்டையைக் கழற்றி, உச்சிவரைக்கும் தூள் தடவினார். தண்ணீர் விட்டதும் கூரை மூலையிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு தூணுக்குள் இறங்கிக் காலடிக்கு வந்தது. கூரைத் தகடும் தூணும் சேரும் இடத்தில் கையால் பசை அடிப்பார்கள். அந்தக் கோடியில், நகம் அளவுக்குப் பசை விட்டுப்போயிருந்தது. அதுவும் ஒரே ஒரு ஷிப்டில் செய்த கேபின்களில்தான்.

நாங்கள் இருவரும் பெயிண்ட் ஷாப்புக்குப் போய் நின்று பார்த்தோம். அந்த ஷிப்டில் பசை அடித்தவர் கோவிந்தன் அண்ணன். எங்களுக்கு மூத்தவர், கையில் அவ்வளவு வேகம். ஆனால் அந்தக் கோடிக்கு வரும்போது மட்டும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, இடது கை விரலால் தகட்டைத் தடவித் தேடிவிட்டு, அப்புறம் பசைத் துப்பாக்கியைக் கொண்டுபோனார். சாம்பல் நிறத் தகட்டில் சாம்பல் நிறப் பசை. அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

மீட்டிங்கில் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, யார் அந்த ஆள் என்பதுதான். சார் எழுந்து, "அந்த எடத்துல லைட்டு பத்தல சார். கூரையோட நெழல் விழுது. ரெண்டு டியூப்லைட்டு போட்டுக் குடுத்தா சரியாப் போயிடும்" என்றார். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வரும்போது நான் அவரோடு சண்டை போட்டேன். அந்த ஆளால் நாம் இத்தனை நாள் திட்டு வாங்கினோம், நீங்கள் எதற்காக மூடி மறைக்கிறீர்கள் என்று கேட்டேன். சார் நின்றார்.

"நோடு, இங்க பாரு முனுசாமி, தண்ணி எங்க வருதுன்னு கேட்டாங்க, சொன்னேன். லைட்டு பத்தலன்னதும் பொய்யில்ல. அவன் கண்ணுக்குப் பத்தல" என்றார்.

லைட் போட்டார்கள். அடுத்த லீவு நாளில் சாரே கோவிந்தன் அண்ணனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆபரேஷன் முடிந்து அண்ணன் மறுபடி அதே லைனில் நின்று, முழுச் சம்பளத்தோடு ரிட்டயர் ஆனார். முன்பு அங்கே வெளிச்சமே இல்லை, நாங்கள்தான் போராடி லைட் வாங்கினோம் என்று புதுப் பையன்களிடம் அவர் சொல்வார். ஒழுகலுக்குக் காரணம் அவர் கண்தான் என்று நாங்கள் கண்டுபிடித்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது. சாரும் வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை.

எனக்குப் பல வருஷம் முன்னாலேயே சார் ரிட்டயர் ஆகிவிட்டார். அவர் மனைவி போய்ச் சேர்ந்தபின் மகள் ஹேமாவோடு இருந்தார். நான் ரிட்டயர் ஆன சமயம் அவருக்குக் கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. ஹேமா காபியைப் பாதி டம்ளர்தான் கொடுப்பாள். முழுதாகக் கொடுத்தால் சிந்தும். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பாதி டம்ளரைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. டீக்கடைக்கு வருவதை அவர் நிறுத்திவிட்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். கக்கத்தில் சுருட்டிய காகிதங்கள். விரித்தால் ஒரு படகின் வரைபடம். ஒருவர் மட்டும் கால்நீட்டி உட்காரும் மெல்லிசான மரப்படகு. கயாக் என்கிறார்கள். துடுப்புக் கழியின் இரண்டு முனையிலும் தட்டை இருக்கும். வீட்டிலேயே கட்டலாம் என்று செல்போனில் பார்த்திருக்கிறார். என் போர்ட்டிகோவில் கார் இல்லை, அதனால் அங்கேதான் கட்டப்போகிறோம் என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார்.

பரிசல் வாங்கிவிடலாமே சார் என்றேன். "பரிசல் சுத்தும். எனக்கு நேரா போவணும்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் காகிதத்தின் சுருளை நீவிக்கொண்டிருந்தார்.

"ஆத்துல பொறந்தவன் நான். வேலை பூரா தண்ணி உள்ள வராமப் பாத்துக்கினேன். தண்ணி மேல உக்காரவே இல்ல. கை துடுப்பு புடிக்கறப்பவே ஒருவாட்டி ஒண்டியா போயிட்டு வந்துடணும்."

மறுநாளே பிளைவுட் எடுக்கப் போனோம்.

கடல் இல்லாத ஓசூரில் படகு கட்டினால் தெருவுக்கு நாமே டிவி சீரியல். வெள்ளம் வரப்போவதாக ரகசியத் தகவல் ஏதும் உண்டா என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் கேட்டார். என் மனைவி மங்கைக்கும் முதலில் சிரிப்புத்தான். ஆனால் வேலையின் முக்கியமான பகுதி அவளிடம்தான் வந்து விழுந்தது. இந்த மாதிரிப் படகில் ஆணி கிடையாது. பலகைகளை வரைபடப்படி அறுத்து, ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பது போலத் தைத்து இழுக்க வேண்டும். தட்டையாகக் கிடந்த பலகைகள் இழுக்க இழுக்க வளைந்து படகாகிவிடும். மங்கை வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவள். நாங்கள் இரண்டு கம்பி முறுக்குவதற்குள் அவள் ஒரு பக்கத்தையே முடித்துவிட்டு, "இவ்ளோதானா? இதுக்கு ரெண்டு ஆம்பள வேணுமா?" என்றாள்.

தைத்தபின் மரத்தூளும் பசையும் குழைத்து உள்மூலைகளில் பூச வேண்டும். அது இறுகியதும் கம்பிகளை உருவிவிட்டு, ஒவ்வொரு ஓட்டையையும் அதே பசையால் அடைத்து, மேலே கண்ணாடி நூல் துணி விரித்து ரெசின் என்கிற பிசினை ஊற்றித் தேய்க்க வேண்டும். மார்கழிப் பனியில் ஓசூரில் ரெசின் எங்கே இறுகும்? படகைத் தார்ப்பாயால் மூடி உள்ளே குண்டு பல்பு எரியவிட்டோம். கோழிக்குஞ்சு பொரிக்கிறீர்களா என்றார் எதிர்வீட்டுக்காரர்.

படகின் முன்பாதி சாருக்கு, பின்பாதி எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவர் பாதியைத் தொட என்னை விடவில்லை. ஓர் ஓட்டையை அடைக்க அவருக்கு நேரமாகும். வலது கையின் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிப் பசை பூசும் கத்தியைக் கொண்டுபோவார். மங்கை பார்க்காதது மாதிரி உள்ளே போய்விடுவாள். நான் என் பாதியைப் பார்த்துக் குனிந்திருப்பேன். அந்த மாதங்களில் அவர் மறுபடி டீக்கடைக்கு வரத் தொடங்கினார். அரை டம்ளர் டீயை அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.

படகு முடிந்தது. சோதிக்க வேண்டாமா? இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முட்டாள்தனத்தைச் செய்தோம். படகை மணல் மூட்டைகள்மேல் வைத்து, உள்ளே செய்தித்தாள் விரித்து, சாரை உட்கார வைத்து, அவர் மடியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினோம். நான் ஒரு ஹோஸ் பைப், மங்கை ஒரு ஹோஸ் பைப். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் விளாசித் தள்ளினோம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. சார் குனிந்து தாளைத் தடவினார். நிமிர்ந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நான் சாக்பீஸால் படகின் மூக்கில் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். எங்கள் வேலை நாட்கள் முழுவதும் தண்ணீர் மேலிருந்துதான் வந்தது. படகுக்கு அது கீழிருந்து வரும் என்பது இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை.

ராயக்கோட்டை போகும் வழியில் ஒரு ஊர் ஏரி. மீன் குத்தகை எடுத்தவர் எங்களுக்குத் தெரிந்தவர். அவர் பரிசலில் கூடவே வருவதாகச் சொன்னார். ஹேமா அப்பாவுக்கு மிதவைச் சட்டையை மூன்று முறை இழுத்துக் கட்டிவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். உள்ளே தண்ணீர் வந்தால் இதோடு விட்டுவிட வேண்டும். சார் தலையாட்டினார். எங்களுக்கு என்ன பயம், வட்டம் போட்ட படகு.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் நேராகத்தான் போனார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று துடுப்பு நின்றது. அவர் திரும்பாமலேயே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். முஷ்டி மடங்கியிருந்தது.

பரிசல்காரர் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். உள்ளே தாள் கூழாகிவிட்டிருந்தது. நான் போட்ட வட்டமும் அழிந்துபோயிருந்தது. ஹேமா கத்தவில்லை. அப்பாவின் கால்களைத் துண்டால் துடைத்தாள், செருப்பை மாட்டிவிட்டாள். "இதோட போதும்பா" என்றாள். சார் "ஆயிடுச்சும்மா" என்று சொல்லிக் காரில் ஏறிக்கொண்டார். அதன்பின் என் போனை எடுக்கவில்லை. டீக்கடைப் பக்கமும் வரவில்லை.

படகு போர்ட்டிகோவில் கவிழ்ந்து கிடந்தது. நான் மறுபடி மறுபடி அதன்மேல் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த மங்கை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, கொடத்துல ஓட்டை இருக்குதான்னு பாக்க கொடத்து மேலயா தண்ணி ஊத்துவாங்க? உள்ள ஊத்திப் பாக்க மாட்டாங்க?"

எனக்கு என் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. படகை நிமிர்த்தி, இரண்டு ஸ்டூல்களில் ஏற்றி, அடிப்பக்கம் முழுக்கத் தூள் தடவிவிட்டு, உள்ளே வாளி வாளியாக ஊற்றினோம். தண்ணீரின் கனத்தில் அடிப்பலகை ஆள் உட்கார்ந்தது போல லேசாக இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வால்பக்கம் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. என் பாதி. சரி, நம் வேலைதான் லட்சணம் என்று நினைத்துக்கொண்டு, பழக்கத்தில் டார்ச்சை அடித்துத் தூளில் விழுந்த கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். கோடு என் பாதியில் நிற்கவில்லை. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் தண்டின் ஓரமாக முன்னால் போய், கால் நீட்டும் இடத்துக்குக் கீழே, ஒரு கம்பி ஓட்டையில் முடிந்தது. உள்ளே பசை இறங்காத ஓட்டை. மேலே துணி மட்டும் மூடியிருந்தது. ஆள் கனம் விழுந்தபோதுதான் அது வாயைத் திறந்திருக்கிறது.

சாரின் பாதி. தப்பு என்னுடையது இல்லை என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹேமா வேண்டாம் என்று சொன்னதையாவது பேசிச் சரிக்கட்டலாம். தன் கையால்தான் இது என்று தெரிந்தால் அவரே இந்தப் படகைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

நாமே அடைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள் மங்கை. நல்ல யோசனைதான், வேறு ஆளாக இருந்தால். எங்கே தண்ணீர் வந்தது என்று தெரியாமல் அந்த மனிதர் எந்தக் கேபினையும் வெளியே விட்டதில்லை.

மறுநாள் காலையில் போனேன். ஹேமா கதவைத் திறந்தாள். சார் டிவியைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். எங்கே என்று கேட்டார். முன்னால், கால் நீட்டும் இடத்தில், ஒரு கம்பி ஓட்டை என்றேன். அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது முட்டியின் மேல் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது.

"என் பக்கம்" என்றார்.

"அந்த எடத்துல லைட்டு பத்தல சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"கோவிந்தன் கண்ணுக்கு ஆபரேஷன் இருந்துச்சு முனுசாமி. என் கைக்கு இல்ல."

வழி முழுக்கத் தயார் செய்துகொண்டு வந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. காபி டம்ளர்களோடு வந்து நின்ற ஹேமாதான் கேட்டாள், யார் அந்தக் கோவிந்தன் என்று. சார் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னேன். கூரை மூலை, பசை, டியூப்லைட், ஆஸ்பத்திரி எல்லாம் சொன்னேன். அன்றைக்கு நான் போட்ட சண்டையையும் அவர் சொன்ன பதிலையும்கூடச் சொன்னேன். அவள் டம்ளர்களைக் கீழே வைக்காமலேயே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள். கோபமோ என்னவோ என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் செருப்பையும் கரண்ட் போனால் எடுக்கும் பெரிய டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"எழுந்திருப்பா. அங்கிள் பசை கலக்கட்டும், நீயே பூசு. லைட்டு நான் புடிக்கறேன்" என்றாள்.

அன்று எங்கள் போர்ட்டிகோவில் அப்படித்தான் நடந்தது. நல்ல வெயில், டார்ச்சே தேவையில்லை. ஆனாலும் ஹேமா மண்டிபோட்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துணியை வெட்டி விலக்கி, தண்ணீர் காய்ந்தபின், நான் கலக்கிக் கொடுத்த பசையை சார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டைக்குள் இறக்கினார். ஒருமுறை கத்தி விலகிப் பலகையில் தீற்றியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மங்கை இந்தத் தடவை உள்ளே போகவில்லை.

ரெசின் நன்றாக இறுகட்டும் என்று காத்திருந்து, உள்ளே ஊற்றியும் பார்த்துவிட்டுத்தான் ஏரிக்குப் போனோம். புதுச் செய்தித்தாள் விரித்தேன். அதே பரிசல்காரர். அதே மிதவைச் சட்டை, அதே மூன்று இழுப்பு. சார் ஏறி உட்கார்ந்து, துடுப்பைப் பிடித்தார். இரண்டு கையும் ஒரே கழியில் சேர்ந்ததும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டது போல நடுக்கம் கொஞ்சம் அடங்கியது.

போனமுறை நின்ற இடத்தைத் தாண்டினார். இன்னும் போனார். நேராக, அவர் கேட்ட மாதிரியே நேராக, ஏரியின் நடுவுக்குப் போய்த் துடுப்பை மடியில் வைத்தார். பரிசல்காரர் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார். சார் குனிந்தார். தாளைத் தடவுகிறார் என்று தெரிந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி வலது கையைத் தூக்கினார்.

அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. "கூப்பிடறாரு அங்கிள்" என்று ஹேமா செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"கூப்பிடலம்மா. வெரல் விரிஞ்சிருக்குது பாரு. உள்ள காஞ்சிருக்குதுன்னு சொல்றாரு."

அவள் நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அந்த நிலையில்தான் இருந்தேன். மங்கை என் முழங்கையை இடித்து, சார் ஏன் கையை இறக்காமலே இருக்கிறார், வலிக்காதா என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் நடு ஏரியில், ஆடுகிற கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்காகக் காத்திருக்கிறார்.

சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது. எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்தி, அவர் கை தெரிந்த இடத்தைச் சுற்றிக் காற்றில் நிதானமாக ஒரு வட்டம் போட்டேன்.

அதன் பிறகுதான் சார் கையை இறக்கித் துடுப்பை எடுத்தார்.